மீண்டு வரும் ஊர்தி

நுழையுமுன்

நகரத்துச் சாலையில் ஓர் ஊர்தி பழுதாகி நின்றுவிட்டால் பயணம் சற்றுத் தாமதமாகும்; அவ்வளவே. அண்மையில் பணிமனை இருக்கும். தொலைபேசியில் அழைத்தால் உதவிக்கு ஆள் வருவார். அடுத்த ஊர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலத்தில் ஊர்தி நின்றுவிட்டால் என்ன ஆகும்? அத்தகைய நிலங்களுக்கென்றே உருவாக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் உற்பத்தியாகி வரும் ஓர் ஊர்தியின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

சாலை முடியும் இடத்தில்

உலக வரைபடத்தில் சாலைகள் கோடுகளாகத் தெரிகின்றன. அக்கோடுகள் முடிந்த பின்னரும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும், ஆஸ்திரேலியாவின் செம்மண் பாலையிலும், மலைகளுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர்களிலும் பள்ளிகள் உள்ளன. மருத்துவ நிலையங்கள் உள்ளன. சுரங்கங்களும் மேய்ச்சல் நிலங்களும் உள்ளன. அங்கு வாழ்வோர்க்கு மருந்தும் உணவும் எரிபொருளும் சென்று சேர வேண்டும். நோயுற்றவர்களை மருத்துவமனைக்கு அழைத்து வரவும் வேண்டும்.

இப்பணியைச் செய்யும் ஊர்திக்கு விரைவு முதன்மையன்று. தோற்றப் பொலிவும் முதன்மையன்று. சென்ற இடத்திலிருந்து மீண்டு வருவதே முதன்மை. இந்த ஒரு தேவையை அளவுகோலாகக் கொண்டு உருவானதே, ஜப்பான் நாட்டு டொயோட்டா நிறுவனத்தின் 'லேண்ட் குரூசர் 70' என்னும் வரிசை. இவ்வரிசை 1984ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்தது. ஆனால் அதன் வேர்கள் அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டவை.

ஃபியூஜி மலையில் ஒரு தேர்வு

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜப்பான் மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1950ஆம் ஆண்டு அண்டை நாடான கொரியாவில் போர் மூண்டது. கரடுமுரடான நிலத்தில் செல்லும் சிறிய ஊர்திகள் தேவைப்பட்டன. டொயோட்டா நிறுவனத்தின் பொறியாளர்கள், சரக்குந்துக்கென முன்பே செய்யப்பட்ட எந்திரம் ஒன்றை எடுத்துச் சிறிய ஊர்தியில் பொருத்தினர். ஆறு உருளைகளும் 3.4 லிட்டர் கொள்ளளவும் கொண்ட அந்த எந்திரத்தின் வகைப்பெயர் 'பி'. ஊர்தி ஜீப் வகையைச் சார்ந்தது. ஆதலால் அது 'பிஜே' எனப்பட்டது.

புதிதாக அமைக்கப்பட்டிருந்த காவல் சேமப்படை, தன் தேவைக்கு வேறோர் ஊர்தியைத் தேர்ந்தெடுத்தது. எனினும் பொறியாளர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் கோடையில் ஒரு தேர்வு நிகழ்ந்தது. ஜப்பானின் மிக உயர்ந்த மலையான ஃபியூஜியின் உயரம் 3776 மீட்டர். அதன் உச்சிக்குச் செல்லும் நடைவழி பத்து நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இச்சிரோ தைரா என்னும் சோதனை ஓட்டுநர், அவ்வழியில் ஆறாம் நிலை வரை பிஜே ஊர்தியை ஓட்டிச் சென்றார். அதற்கு முன் எந்த ஊர்தியும் அவ்வுயரத்தை எட்டியதில்லை. நாட்டுப்புறக் காவல் துறையினர் அத்திறனைக் கண்டு 289 ஊர்திகளைத் தருவிக்க முடிவு செய்தனர்.

'ஜீப்' என்பது அமெரிக்க நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். எனவே 1954ஆம் ஆண்டு இவ்வூர்திக்கு 'லேண்ட் குரூசர்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. 'குரூசர்' என்பது கடலில் நெடுந்தொலைவு சுற்றிவரும் கப்பலைக் குறிக்கும் சொல். நிலத்தில் உலாவும் கப்பல் என்பது அப்பெயரின் கருத்து.

பனிமலையில் பணி

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் பனிமலைத் தொடர் ஒன்று உள்ளது. அங்குள்ள ஆறுகளின் நீரைத் திருப்பி, மின்சாரம் ஆக்கவும் வயல்களுக்குப் பாய்ச்சவும் 1949ஆம் ஆண்டு பெருந்திட்டம் ஒன்று தொடங்கியது. 1974இல் அது நிறைவுற்றபோது 16 அணைகளும் 7 மின் நிலையங்களும் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் நீளச் சுரங்க வழிகளும் உருவாகியிருந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் உள்ளிட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிறந்த மண்ணை விட்டு வேலை தேடி வந்தவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத நிலையிலும் மலையைக் குடைந்து வழி அமைத்தனர்.

அத்திட்டத்தில் பங்கேற்ற தீஸ் கட்டுமான நிறுவனம், 1950களின் இறுதியில் லேண்ட் குரூசர் ஊர்திகளை ஆஸ்திரேலியாவிற்கு வரவழைத்தது. சேறும் செங்குத்தும் நிறைந்த பாதைகளில் அவை ஆட்களையும் கருவிகளையும் சுமந்தன. அப்பணியின் வாயிலாக இவ்வூர்தி ஆஸ்திரேலிய மக்களிடையே அறிமுகமாயிற்று. 1960ஆம் ஆண்டு வெளிவந்த 40 வரிசை, உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. அதன் இடத்தை நிரப்ப 1984இல் வந்ததே 70 வரிசை.

ஏணியும் வில்லும்

70 வரிசை ஊர்தியின் உறுதிக்குக் காரணம் அதன் எளிய அமைப்பு ஆகும்.

முதலாவது, அதன் அடித்தளம். இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகளைக் குறுக்குத் தண்டுகள் இணைக்கின்றன. ஏணி ஒன்றைத் தரையில் படுக்க வைத்தாற்போன்ற தோற்றம் உடையதால் இது ஏணிச் சட்டகம் எனப்படுகிறது. எந்திரமும் சக்கரங்களும் மேற்கூடும் இச்சட்டகத்தின் மேல் தனித்தனியே பொருத்தப்படுகின்றன. பாதையின் அதிர்ச்சியை ஏணியே தாங்கிக்கொள்வதால் மேற்கூடு எளிதில் சிதைவதில்லை.

இரண்டாவது, வில்பட்டைகள். லாரிகளின் அடியில் வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கடும்பணிக்கென உருவான 70 வரிசை ஊர்திகளிலும் அவ்வாறே அமைந்துள்ளது. 1999ஆம் ஆண்டு முதல் முன்புறத்தில் சுருள்வில் இடம்பெற்றது. பின்புறத்தில் இன்றும் வில்பட்டைகளே உள்ளன. பயணம் சற்றுக் குலுங்கும். ஆனால் பெருஞ்சுமையை அவை தாங்கும்.

மூன்றாவது, நான்கு சக்கர இயக்கம். பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்கள் இரண்டோ பின்சக்கரங்கள் இரண்டோதான் எந்திரத்தால் உந்தப்படுகின்றன. அவை சேற்றில் வழுக்கினால் ஊர்தி நின்றுவிடும். நான்கு சக்கரங்களும் உந்தப்படும்போது, ஓரிரு சக்கரங்கள் பிடிப்பை இழந்தாலும் மற்றவை ஊர்தியை நகர்த்துகின்றன. மேலும் கூடுதல் பல்லிணை ஒன்றும் உண்டு. மேட்டில் ஏறும் மிதிவண்டிக்காரர் பல்லிணையை மாற்றினால், விரைவு குறைந்து மிதிப்பது எளிதாகும். அதுபோலவே இப்பல்லிணையும் விரைவைக் குறைத்து இழுவையைப் பெருக்குகிறது.

நான்காவது, எந்திரம். 1990ஆம் ஆண்டு 4.2 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு உருளை டீசல் எந்திரம் ஒன்று இவ்வரிசையில் இடம்பெற்றது. அதில் எரிபொருளைச் செலுத்தும் பணியைக் கணினி செய்வதில்லை. எந்திர அமைப்பே செய்கிறது. ஆதலால் மின்னணுக் கருவிகள் இல்லாத சிற்றூர்ப் பட்டறையிலும் அதைப் பிரித்துப் பார்க்கலாம், பழுது நீக்கலாம். ஒரு வட்டாரத்தில் பலரும் ஒரே வகை ஊர்தியை வைத்திருந்தால் மற்றொரு நன்மையும் உண்டு. ஓட்டம் முடிந்த பழைய ஊர்தியின் உறுப்புகள், ஓடும் ஊர்திக்குப் பயன்படும்.

ஓர் ஊர்தி ஒருபோதும் பழுதாகாது என எவரும் உறுதி கூற இயலாது. பழுதானால் அதைச் சரிசெய்ய இயலுமா என்பதே தொலைநிலத்தில் வாழ்வோர் கேட்கும் கேள்வி. அக்கேள்விக்கு எளிமையே விடையாயிற்று.

பாலையைக் கடத்தல்

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹால்ஸ் கிரீக் என்னும் ஊருக்கும் விலூனா என்னும் ஊருக்கும் இடையே கானிங் கால்நடை வழி செல்கிறது. மாட்டு மந்தைகளை ஓட்டிச் செல்வதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணறுகள் தோண்டி அமைக்கப்பட்ட பாதை இது. இதன் நீளம் ஏறத்தாழ 1850 கிலோமீட்டர். தில்லிக்கும் மும்பைக்கும் இடையிலான சாலைத் தொலைவினும் இது மிகுதி. இடையில் நூற்றுக்கணக்கான மணற்குன்றுகள் குறுக்கிடுகின்றன. எரிபொருள் கிடைக்கும் இடங்கள் மிகச் சிலவே. இத்தகைய பயணங்களைக் கருதியே, பலரை ஏற்றிச் செல்லும் 70 வரிசை ஊர்தி ஒன்றில், ஒவ்வொன்றும் 90 லிட்டர் கொள்ளும் இரண்டு எரிபொருள் கலன்கள் ஆஸ்திரேலியாவில் பொருத்தப்பட்டன.

மணலில் செல்வோர் சக்கரங்களின் காற்றைச் சிறிது குறைத்துக்கொள்கின்றனர். அப்போது சக்கரத்தின் அடி அகன்று பரவுகிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாதது போல, அகன்ற சக்கரமும் புதைவதில்லை. கெட்டியான தரைக்கு வந்ததும் மீண்டும் காற்றை நிரப்புகின்றனர்.

பாலையைக் கடப்போர் காக்கும் நெறிகள் சில உள்ளன. தேவைக்கு மிகுதியாகத் தண்ணீர் எடுத்துச் செல்லுதல் ஒன்று. செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் பிறரிடம் கூறிச் செல்லுதல் மற்றொன்று. மிக இன்றியமையாத நெறி ஒன்றும் உண்டு: ஊர்தி நின்றுவிட்டால் அதைவிட்டு அகலுதல் கூடாது. உதவி தேடி நடக்கத் தொடங்குபவர் வெயிலில் விரைவில் நீரிழந்து சோர்ந்துவிடுவார். ஊர்தியோ நிழல் தரும். வானூர்தியில் தேடி வருவோரின் கண்ணுக்குத் தனி மனிதரைவிட எளிதில் புலப்படும். ஓடாத நிலையிலும் ஊர்தி உயிர்காக்கும் என்பதை இந்நெறி உணர்த்துகிறது.

மருந்து சுமக்கும் ஊர்தி

தடுப்பூசி மருந்துகளுள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 செல்சியசு வரையிலான வெப்பநிலையில் காக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் மருந்து பயனற்றுப் போகும். குழந்தைக்கு ஊசி போடப்பட்டிருக்கும். ஆனால் நோயிலிருந்து காப்புக் கிடைத்திராது. வெளியே பார்க்கும் எவருக்கும் இந்த இழப்புத் தெரியாது. எனவே ஆலையிலிருந்து குழந்தை வரை குளிர்ச்சி அறுபடாமல் செல்ல வேண்டும். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியே மிகக் கடினமானது. அங்கே சாலை இராது. பல இடங்களில் மின்சாரமும் இராது.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம், குளிர்பெட்டி பொருத்தப்பட்ட 70 வரிசை ஊர்தி ஒன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்றைப் பெற்றது. தடுப்பூசி கொண்டு செல்லும் குளிர்ப்பதன ஊர்திகளுள் இச்சான்றைப் பெற்ற முதல் ஊர்தி இதுவே. அப்பெட்டியின் கொள்ளளவு 396 லிட்டர். ஊர்தி ஓடும்போது அதன் மின்சாரத்தாலேயே பெட்டி இயங்குகிறது. ஊர்தி நின்ற பின்னரும் தனி மின்கலம் ஒன்றினால் ஏறத்தாழ 16 மணி நேரம் குளிர்ச்சி காக்கப்படுகிறது. வெள்ளத்தால் ஒரு பாதை அடைபட்டு, ஊர்தி ஓர் இரவு காத்திருக்க நேர்ந்தாலும் மருந்து கெடாது.

நாணயத்தின் மறுபக்கம்

ஒரு கருவியின் வலிமை நல்வழிக்கு மட்டுமே பயன்படும் எனக் கூற இயலாது. 1987ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் சாடு நாட்டிற்கும் லிபியாவிற்கும் நிகழ்ந்த சண்டையில், சாடு வீரர்கள் டொயோட்டா ஊர்திகளில் ஆயுதங்களைப் பொருத்திப் பாலையில் விரைந்து போரிட்டனர். அப்போரின் இறுதிக் கட்டம் 'டொயோட்டா போர்' என்றே அழைக்கப்படுகிறது. மருந்து கொண்டு செல்ல உதவும் அதே உறுதி, போர்க்கருவி கொண்டு செல்லவும் உதவியது. ஊர்தி வழியைக் கடக்கும்; எதற்காகக் கடப்பது என்பதை முடிவு செய்வோர் மனிதரே.

மற்றொரு குறையும் உண்டு. கனமான இவ்வூர்தி மிகுந்த டீசலைச் செலவிடுகிறது, புகையையும் வெளியிடுகிறது. காற்றோட்டம் குறைந்த சுரங்கத்தினுள் பணியாற்றுவோர்க்கு டீசல் புகை தீங்கானது. ஆதலால் 2021ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கம் ஒன்றில், மின்கலத்தால் இயங்குமாறு மாற்றப்பட்ட 70 வரிசை ஊர்தியைச் சோதிக்கும் முயற்சி தொடங்கியது.

மாறியதும் மாறாததும்

ஜப்பானில் 70 வரிசையின் விற்பனை 2004ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. வெளிநாடுகளுக்கென உற்பத்தி மட்டும் தொடர்ந்தது. முப்பதாம் ஆண்டையொட்டி 2014இல் சிறிது காலம் அது தாயகத்தில் மீண்டும் விற்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் இறுதியில், 2.8 லிட்டர் எந்திரத்துடனும் புதிய பாதுகாப்பு வசதிகளுடனும் மறுபடியும் வந்தது. எந்திரம் மாறியது, முகப்பு மாறியது. ஏணிச் சட்டகம் மாறவில்லை. பின்புற வில்பட்டையும் மாறவில்லை. எல்லா வரிசைகளையும் சேர்த்து லேண்ட் குரூசர் ஊர்திகளின் விற்பனை 2019ஆம் ஆண்டிலேயே ஒரு கோடியைக் கடந்திருந்தது.

புதியன எல்லாம் சிறந்தன என்றோ பழையன எல்லாம் சிறந்தன என்றோ இவ்வரலாறு கூறவில்லை. செய்யும் பணி எதை வேண்டுகிறதோ அதைக் காக்க வேண்டும். எது தீங்கு தருகிறதோ அதை மாற்ற வேண்டும். தொலைவில் காத்திருப்போரிடம் சென்று சேர்ந்து, பாதுகாப்பாக மீண்டு வருவதே இவ்வூர்தியின் பணி. அப்பணி உள்ளவரை அதன் தேவையும் இருக்கும்.

தெரிந்து தெளிவோம்: சேம அச்சு

சங்க காலத்தில் உப்பு விற்ற வணிகர் உமணர் எனப்பட்டனர். அவர்கள் உப்பு மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி, மேடும் பள்ளமும் கடந்து நெடுந்தொலைவு சென்றனர். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக, மற்றோர் அச்சை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று இதைக் குறிப்பிடுகிறது. இன்றைய ஊர்திகளில் உள்ள மாற்றுச் சக்கரத்திற்கு இதுவே முன்னோடி எனலாம். கருவிகள் மாறினும், மீண்டு வர வேண்டும் என்னும் கவலை மாறவில்லை.

சொல்லும் பொருளும்

ஊர்தி – வாகனம்
சரக்குந்து – லாரி
சட்டகம் – தாங்கி நிற்கும் கட்டமைப்பு
பல்லிணை – ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் பற்சக்கரங்கள்
கலன் – கொள்கலம்
நெறி – பின்பற்ற வேண்டிய முறை
புலப்படும் – கண்ணுக்குத் தெரியும்
சேமம் – பாதுகாப்பு

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பிஜே ஊர்தி ஃபியூஜி மலையில் ______ நிலை வரை ஏறியது.
(அ) நான்காம் (ஆ) ஐந்தாம் (இ) ஆறாம் (ஈ) பத்தாம்

2. 70 வரிசை ஊர்தி முதன்முதலில் வெளிவந்த ஆண்டு ______.
(அ) 1951 (ஆ) 1960 (இ) 1984 (ஈ) 1999

3. சங்க காலத்து உப்பு வணிகர் ______ எனப்பட்டனர்.
(அ) உழவர் (ஆ) உமணர் (இ) பரதவர் (ஈ) ஆயர்

ஆ. பிரித்து எழுதுக.

1. செம்மண்
2. நெடுந்தொலைவு
3. வேறோர்
4. பயனற்று

இ. பொருத்தமான இணைப்புச் சொல்லை இட்டு நிரப்புக. (ஆதலால், எனினும், மேலும்)

1. பயணம் குலுங்கும், ______ வில்பட்டை பெருஞ்சுமையைத் தாங்கும்.
2. வெப்பத்தில் தடுப்பூசி மருந்து கெட்டுவிடும். ______ அதைக் குளிர்பெட்டியில் காக்க வேண்டும்.
3. பாலையில் செல்வோர் தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். ______ திரும்பும் நாளையும் பிறரிடம் கூற வேண்டும்.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. 'லேண்ட் குரூசர்' என்னும் பெயர் சூட்டப்பட்டதன் காரணம் யாது?
2. மணலில் செல்லும்போது சக்கரங்களின் காற்றைக் குறைப்பது ஏன்?
3. ஏணிச் சட்டகம் என்பது யாது?

உ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. பாலையில் ஊர்தி நின்றுவிட்டால் அதைவிட்டு அகலுதல் கூடாது. ஏன்?
2. தடுப்பூசி மருந்தைத் தொலைநிலத்திற்குக் கொண்டு செல்வதில் உள்ள இடர்களையும் அவற்றிற்குக் கண்ட தீர்வையும் விளக்குக.

ஊ. சிந்தித்து எழுதுக.

'ஊர்தி வழியைக் கடக்கும். எதற்காகக் கடப்பது என்பதை முடிவு செய்வோர் மனிதரே.' இக்கருத்தை வேறொரு கருவியைச் சான்றாகக் காட்டி விளக்குக.

கற்பவை கற்றபின்

உங்கள் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி, சொந்த ஊரிலிருந்து இப்போது வாழும் ஊருக்கு முதன்முதலில் வந்த பயணத்தைப் பற்றிக் கேட்டறிக. எந்த ஊர்தியில் வந்தனர், எத்தனை நாள் ஆயிற்று, வழிக்கு எவற்றை எடுத்து வந்தனர் என்பவற்றைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.